கோண்டுக்குப் பாறை! கோமானுக்கு மணி!

நிலவியல் பயிலும் மாணவி ஒருத்தி அண்மையில் நம்மைக் காண வந்திருந்தாள். கூரிய அறிவினள், நல்ல தமிழ்க் குடும்பத்துப் பெண். அவள் கையிலிருந்த கனிமவியல் ஏட்டைப் புரட்டிக் கொண்டிருந்தோம். 'ஓலாந்தைட்டு' என்றொரு பெயர் கண்ணிற் பட்டது.

"இஃது என்ன கல், அம்மா?" என்று கேட்டோம்.

"மாங்கனீசுக் கனிமம், ஐயா. ஓலாந்து நாட்டில் கிடைப்பது" என்றாள், நொடியும் தயங்காமல்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சுதான் நொந்தது. அக்கல் முதன்முதல் கண்டறியப்பட்ட இடம் மத்தியப் பிரதேச மாநிலத்துச் சாபுவா மாவட்டத்தில் உள்ள கசலிதோங்கிரி என்னும் கனியகழ்விடம். பீல் பழங்குடி மக்கள் பெருந்தொகையினராய் வாழும் மேட்டு நிலம் அது. ஓலாந்து நாட்டுக்கும் அக்கல்லின் பெயருக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. பிழை அம்மாணவியினுடையதா? அன்று! ஏட்டில் எழுதியிருந்த பெயரை அவள் நம்பினாள். பெயர் அவளை ஏமாற்றியது. ஒரு பொருளின் பெயர் அப்பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லாமற் போவது ஒரு குறை. பொய் சொல்லுவதோ பெருங்கேடு!

அப்பெயர் வந்த வரலாற்றைக் கேளுங்கள். 1903 முதல் 1910 வரை இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையின் இயக்குநராக வீற்றிருந்தவர் தாமசு என்றி ஓலாந்து என்னும் ஆங்கிலேயர். அவர்கீழ்ப் பணியாற்றிய இளம் அலுவலர் இலூயிசு இலீ பெர்மோர். மாங்கனீசு எங்கெங்குக் கிடைக்கின்றது எனக் காடும் மேடும் அலைந்து ஆராய்ந்தவர் இப் பெர்மோர். கசலிதோங்கிரியில் புதியதொரு கனிமத்தை அவர் கண்டார். 1906இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அறிவித்தபோது தம் தலைமை அலுவலரின் பெயரை அதன் தலையிற் சூட்டினார். அவ்வளவுதான் செய்தி. மேலாளருக்குக் கீழாளர் செய்த சிறப்பு ஒரு கல்லின் பெயராய் உறைந்து, நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் பிள்ளைகளின் நாவில் உருண்டு கொண்டிருக்கின்றது!

பெர்மோரின் உழைப்பை நாம் இழித்துரைக்கவில்லை. இந்திய மாங்கனீசுக் கனியிருப்புகளைப் பற்றி 1909இல் அவர் வெளியிட்ட பெருநூல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. இன்றும் அறிஞர் எடுத்துப் பார்ப்பது. பகையாளியாயினும் உழைப்பாளியை உழைப்பாளி என்றுதான் சொல்லுதல் வேண்டும். ஆனால், அவர் பெயர் வைத்த முறையைச் சற்றே உற்றுப் பாருங்கள். நாகபுரி, பாலாகாட்டு, சிந்துவாரா வட்டாரங்களில் மாங்கனீசைத் தாங்கி நிற்கும் ஒருவகைப் பாறை உண்டு. மாங்கனீசுச் செம்மணிக் கல்லும் வெண்கல்லும் இழைந்த பாறை அது. அதற்குக் 'கோண்டைட்டு' என்று பெயரிட்டார். கோண்டு மக்களின் பெயர் அது. நம் தமிழுக்கு உடன்பிறப்பாகிய கோண்டி மொழியைப் பேசும் திரவிடப் பழங்குடியினர் பெயர். நன்று! ஆனால், அருமணியாய் ஒளிர்ந்த பளிங்குருக் கனிமங்களுக்கோ? தலைவருக்கு ஒன்று: ஓலாந்தைட்டு. பிளான்போர்டு என்பார்க்கு ஒன்று. வெரெதென்பர்க்கு என்பார்க்கு ஒன்று. சட்டு என்பார்க்கு ஒன்று. கசலிதோங்கிரியிலேயே கிடைத்த இன்னொரு கனிமத்துக்கு, அதனைக் கண்டெடுத்த வின்சு என்பவரின் பெயர். மலையளவு பாறை மண்ணின் மக்களுக்கு. மணியெல்லாம் வந்தேறிய கோமான்களுக்கு!

ஊர்ப்பெயர்களும் சில வைத்தாரே எனின், வைத்தார். சீதாபார் என்னும் ஊரால் சீதாபாரைட்டு, பெல்தோங்கிரியால் பெல்தோங்கிரைட்டு. அவை நிலைக்கவில்லை. சீதாபாரைட்டு என்றது, அமெரிக்காவில் 1897இலேயே பிக்சுபி என்பாரின் பெயரால் அறிவிக்கப்பட்ட பிக்சுபைட்டே என்று பின்னர்த் தெரிய வந்தது. முந்தியது முந்தியதே என்பது அத்துறையின் நெறி. எனவே சீதாபார் விடைபெற்றது. இந்நெறியிற் பிழை காண நாம் வரவில்லை. வெரெதென்பர்க்கின் பெயர் தாங்கிய கல்லும் தனிக் கனிமமன்று, இரண்டு கனிமங்களின் பிணையல் என்று தெரிந்தபின் பட்டியலினின்று நீங்கியதுதான். ஆனால் கசலிதோங்கிரி? அங்குக் கிடைத்தது மெய்யான புதுக்கனிமம். எந்த ஆய்வும் அதனை அசைக்கவில்லை. அதற்கன்றோ அவ்வூர்ப் பெயர் வைத்திருத்தல் வேண்டும்? சப்பானியர் தம் தொதொரோக்கி அகழ்விடத்தின் பெயரைத் தொதொரோக்கைட்டு என்றும், பிரெஞ்சுக்காரர் தம் உரோமனேசு ஊர்ப்பெயரை உரோமனேசைட்டு என்றும் மாங்கனீசுக் கனிமங்களுக்கே சூட்டி நிலைநிறுத்தியுள்ளனர். அவர்கள் தம் நிலத்தைத் தாமே ஆண்டனர்.

பெயர்க்கதை கிடக்கட்டும். கல்லைப் பார்ப்போம். இத்துணை சினங்கொள்ள அக்கல்லில் என்ன இருக்கின்றது என்பீராயின், இருப்பதெல்லாம் வியப்பே!

புறத்தே பார்த்தால் வெள்ளி கலந்த சாம்பல் நிறம், அல்லது கருமை. மாழைப் பொலிவு உண்டு, ஒளி ஊடுருவாது. உரைத்தால் தடம் கருப்பு. வன்மை மோ அளவையில் 4 முதல் 6 வரை. நீரைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு எடை. கையில் எடுத்தவுடனேயே அதன் கனம் உணரப்படும். நல்ல பளிங்குருக்கள் அருமையாகவே கிட்டும். குறுந்தூண் போன்றவை, நாரிழை போன்றவை என இருவகை. பெரும்பான்மை அது தன்னை மறைத்துக் கொண்டு, பிற மாங்கனீசுக் கனிமங்களோடு கலந்து கரும்பிழம்பாகவே கிடக்கும். நிலத்தடியில் வெம்மையாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மாங்கனீசுப் படிவுகளிலும் அது தோன்றும். மேற்பரப்பில் மழையும் வெயிலும் தாக்கிச் சிதைந்த படிவுகளிலும் தோன்றும்.

அகத்தே பார்த்தால்தான் அதன் பெருமை விளங்கும். மாங்கனீசு அணு ஒன்றை ஆறு உயிர்வளி அணுக்கள் சூழ்ந்து நிற்கும். அவ்வாறையும் கோட்டால் இணைத்தால் எட்டு முகங்கொண்ட உருவம் கிடைக்கும். அதனை எண்முகி என்போம். இவ்வெண்முகிகள் விளிம்போடு விளிம்பு ஒட்டி இரட்டை இரட்டையாய் நீண்ட சங்கிலிகளாகின்றன. நான்கு இரட்டைச் சங்கிலிகள் மூலைக்கு மூலை கூடி, நடுவே ஒரு புழையை விடுகின்றன. நம் பழைய நாற்கட்டு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். நாற்புறமும் கட்டு; நடுவே வானம் பார்த்த முற்றம். அவ்வீட்டை ஒன்றன்மேல் ஒன்றாய்க் கோடிக்கணக்கில் அடுக்கினால் முற்றங்கள் ஒரு நெடும்புழையாகும் அன்றோ? அதுவே இக்கல்லின் உள்ளமைப்பு. அம்முற்றத்தின் அகலம் ஏறத்தாழ 4.6 ஆங்சுட்ராம், ஒரு செ.மீ. நீளத்தைப் பத்துக்கோடிக் கூறு செய்தால் ஒரு கூறு ஓர் ஆங்சுட்ராம். அப்புழைக்குள் வாழ்வது பேரியம் என்னும் பெரிய அணு.

பேரியம் சும்மா வந்து குடியேறிவிட முடியாது. மின்னேற்றக் கணக்கு ஒத்து வருதல் வேண்டும். உயிர்வளி அணு 16, ஒவ்வொன்றுக்கும் எதிர்மின் 2, ஆக 32. மாங்கனீசு அணு 8. ஒவ்வொன்றும் நேர்மின் 4 என்றால் 32. கணக்கு அத்தோடு முடிந்துவிட்டது, பேரியத்துக்கு இடமில்லை. பேரியமோ நேர்மின் 2 கொண்டு வருகின்றது. என்ன செய்வது? எட்டு மாங்கனீசில் இரண்டு, தம் நான்கை மூன்றாகக் குறைத்துக் கொள்ளுகின்றன. விருந்தினனுக்கு இடங்கொடுக்க வீட்டார் இருவர் ஒதுங்கி நிற்கின்றனர்! ஆறு மாங்கனீசு நான்கில், இரண்டு மாங்கனீசு மூன்றில், ஒரு பேரியம், பதினாறு உயிர்வளி. இதுவே அக்கனிமத்தின் முழுமையான வாய்பாடு. இதனைத் தமிழிற் சொல்லி முடித்துவிட்டோம். எங்கேனும் தமிழ் திக்கிற்றா? 'அறிவியலைத் தமிழில் சொல்ல இயலாது' என்று ஐம்பது ஆண்டுகளாய் ஓதிக் கொண்டிருக்கும் வாய்கள் எங்கே?

இப்புழை பேரியத்துக்கு மட்டும் உரியதன்று. அதே முற்றத்தில் பொட்டாசியம் குடியிருந்தால் அக்கனிமத்துக்குக் கிரிப்தொமெலேன் என்று பெயர். ஈயம் குடியிருந்தால் கொரொனாதைட்டு. சோடியம் குடியிருந்தால் மாஞ்சிரோவைட்டு. நான்கும் உடன்பிறப்புகள், ஒரே வீடு, குடியிருப்பவர் மட்டும் வேறு. ஆனால் இந்நான்கு பெயர்களைப் பாருங்கள்! ஒன்று ஆங்கில அலுவலர். ஒன்று 'மறைந்த கருமை' எனப் பொருள்தரும் கிரேக்கச் சொல். ஒன்று பொன்வேட்டைக்குப் போன இசுப்பானியப் படைத்தலைவன் பெயர் ஓர் அமெரிக்கக் கனிமக் கீற்றின் வழியாக வந்து ஒட்டியது. ஒன்று சப்பானிய அறிஞர் ஒருவரின் இயற்பெயர். உடன்பிறந்தார் நால்வர்க்கு நான்கு ஊர், நான்கு மொழி, நான்கு குலப்பெயர். இவற்றுள் உறவு இருப்பதை எந்த மாணவன் தானே கண்டு கொள்வான்? மனப்பாடம் செய்வான், தேர்வில் கக்குவான், மறப்பான். 2013இல் அத்துறை அறிஞரே கூடி இக்குடும்பத்தின் பெயர்முறையைத் திருத்தி ஒழுங்குபடுத்த நேர்ந்தது என்றால், குழப்பம் எத்துணை என்று எண்ணிக் கொள்ளுங்கள்.

இனி, சீனரைப் பாருங்கள். அவர்கள் ஓலாந்தையும் கொரொனாதோவையும் தம் நாவால் தொடவேயில்லை. முதற்கல்லுக்கு 'மாங்கனீசு பேரியக் கல்' என்று பொருள்படும் மூன்று எழுத்துகளை எழுதினர். பொட்டாசியம் உள்ளதற்கு 'மாங்கனீசு பொட்டாசியக் கல்'. ஈயம் உள்ளதற்கு 'மாங்கனீசு ஈயக் கல்'. தீர்ந்தது! பெயரைப் படித்த அக்கணமே சீனச் சிறுவனுக்கு உள்ளிருப்பது என்ன என்பதும், மூன்றும் உறவு என்பதும் தெரிகின்றன. இதனால் சீனரின் அறிவியல் வீழ்ந்துபட்டதா? கனிம ஆய்வில் உலகம் அவர்களைப் புறக்கணித்துவிட்டதா? செருமானியரும் உயிர்வளியைப் 'புளிப்புப்பொருள்' என்றும், நீரகத்தை 'நீர்ப்பொருள்' என்றும் தம் மொழியிலேயே வழங்கிக் கொண்டுதான் வேதியியலில் உலகுக்கு ஆசானாயினர்.

நம்மவர் என்ன செய்தனர்? 'ஹாலண்டைட்' என்று அயலெழுத்துப் போட்டு எழுதினர் சிலர். அதனைக் கண்டித்து, அயலெழுத்தை நீக்கி 'ஓலாந்தைட்டு' என்று எழுதிவிட்டுத் தமிழைக் காத்துவிட்டதாய் மார்தட்டினர் வேறு சிலர். நம் இயக்கத்தாரிலும் அவருளர் என்பதை மறைப்பதற்கில்லை. இக்கட்டுரையிலேயே அவ்வாறுதான் எழுதி வருகின்றோம். எழுத்தைக் கழுவியாயிற்று, பொருளை யார் தருவது? அம்மாணவியை ஓலாந்து நாட்டுக்கு அனுப்பியது அயலெழுத்தன்று; தமிழெழுத்தில் எழுதப்பட்ட அயற்பெயரே! தமிழ்த்தூய்மை என்பது ஒலியில் மட்டும் நின்றுவிடுமானால் அது பூச்சு வேலை.

ஆகலின் நாம் ஒரு முறையை முன்வைக்கின்றோம். புழையமைப்புக் கொண்ட இக்குடும்பத்தைப் 'புழையம்' என்போம். பேரியம் குடியிருப்பது பேரியப் புழையம், பொட்டாசியம் குடியிருப்பது பொட்டாசியப் புழையம், ஈயப் புழையம், சோடியப் புழையம். புழையின் அளவு வேறுபடும் பிற மாங்கனீசுக் கனிமங்களும் உள. எண்முகி ஒன்றே சுவராய் நின்று, யாரும் குடியேற இயலாச் சிறுபுழை கொண்டது பைரோலுசைட்டு. ஒருபுறம் இரண்டும் மறுபுறம் மூன்றுமாய் நின்று, பேரியத்தோடு நீரையும் ஏற்பது உரோமனேசைட்டு. புறத்துக்கு மூன்றாய் நின்று அகன்ற கூடம் விடுவது தொதொரோக்கைட்டு. இவற்றை முறையே ஒருகட்டுப் புழையம், இருமூன்றுகட்டுப் புழையம், மும்மூன்றுகட்டுப் புழையம் எனலாம். நம் பேரியப் புழையம் இருகட்டு. சொல் நீளுகின்றதே என்பார்க்கு, ஒரு சொல்லில் ஒரு பாடமே அடங்கியிருப்பதைச் சுட்டுவோம். இவற்றினும் சிறந்த சொல் காண்பார் காண்க, ஏற்கக் காத்திருக்கின்றோம்.

'பன்னாட்டுப் பெயரை விட்டால் உலகத்தினின்று துண்டிக்கப்படுவோம்' என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். வேம்பை வேம்பு என்றுதான் வழங்குகின்றோம். நிலைத்திணையியலார் அதற்கு இலத்தீனத்தில் இட்ட பெயரும் உலகெங்கும் உள்ளது. வேம்பு என்றதனால் எந்த ஆய்வாளனும் துண்டிக்கப்படவில்லை. ஆய்விதழுக்கு எழுதும்போது பன்னாட்டுப் பெயரை எழுதட்டும். எண்ணும்போதும், கற்கும்போதும், கற்பிக்கும்போதும் தமிழ்ப் பெயர் இருக்கட்டும்.

இன்னொரு கல்லையும் இங்கே எடுத்துக்காட்டாமல் விட மனமில்லை. சென்னைப் பறங்கிமலையையும் பல்லாவரத்தையும் அறியாதார் யார்? அம்மலைப் பாறைக்கு உலக நிலவியலார் இட்டு வழங்கும் பெயர் சார்னோக்கைட்டு. சார்னோக்கு என்பவர் கிழக்கிந்தியக் குழும்பின் வணிக முகவர்; கல்கத்தாவில் புதைக்கப்பட்டவர். அவர் கல்லறைமேல் கிடந்த கல் இவ்வகைப் பாறை. அதனை ஆராய்ந்து 1893இல் அப்பெயரைச் சூட்டியவர் யார் தெரியுமா? அதே ஓலாந்துதான்! கல்லறையில் படுத்திருந்தவனின் பெயரை நம் மலைக்கு அவர் சூட்டினார். பதின்மூன்று ஆண்டுகளில் அவர் பெயரை இன்னொருவர் இன்னொரு மண்ணின் மணிக்குச் சூட்டினார். பறங்கிமலை தமிழ்நாட்டில் நிற்கின்றது. அதன் பாறையின் பெயரோ கல்கத்தாக் கல்லறையில் கிடக்கின்றது. நம் பாடநூலார் இன்றளவும் அப்பெயருக்குப் பக்கத்தில் பல்லாவரம் என்ற ஒரு சொல்லையாவது அடைமொழியாய்ச் சேர்த்துப் 'பல்லாவரப் பாறை' என்று வழங்க முனைந்தனரா?

'இந்தக் கல்லால் தமிழனுக்கு என்ன பயன்? வயிற்றுப்பாட்டுக்கு உதவுமா?' என்று கேட்பவர் இருப்பார். அவர்க்கு விடை கல்பாக்கத்தில் உள்ளது, கூடங்குளத்தில் உள்ளது. 1983இல் கல்பாக்கத்திலும் 2013இல் கூடங்குளத்திலும் அணுவுலைகள் இயங்கத் தொடங்கின. அணுவுலைக் கழிவில் சீசியம் 137 என்னும் கதிரியக்கப் பொருள் உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு ஒருமுறை பாதியாய்க் குறைவது, நீரில் எளிதில் கரைவது, ஆகவே கொடியது. அதனை எதற்குள் அடைத்து வைப்பது என்பது உலக அறிஞர் அனைவரின் தலைவலி. பெரும்பாலும் கண்ணாடியில் உருக்கிக் கலந்தே வைக்கின்றனர். 1978இல் ஆத்திரேலிய அறிஞர் இரிங்குவூடு என்பார் வேறொரு வழி சொன்னார். இயற்கையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாது நின்ற கனிமங்களைப் போலவே செயற்கைப் பாறை ஒன்றை ஆக்கி, அதனுள் கழிவைப் பூட்டலாம் என்றார். அச்செயற்கைப் பாறையின் உறுப்புகளுள் ஒன்று, நாம் மேலே கண்ட அதே புழையமைப்பு! மாங்கனீசுக்கு மாற்றாகத் தைத்தானியம் சுவராய் நிற்கும். முற்றத்தில் பேரியத்தோடு சீசியமும் சிறைப்படும். இதில் ஒரு நயமும் உண்டு. சீசியம் 137 சிதைந்து என்ன ஆகின்றது? பேரியமாகின்றது! அப்புழையோ பேரியத்தின் பிறந்த வீடு. சிறைப்பட்டவன் உருமாறினாலும் வீடு அவனை ஏற்கும்.

நம் கடற்கரையில் அணுவுலைகள் நிற்க, அக்கழிவைக் கண்ணாடியில் வைப்பதா, கல்லில் வைப்பதா, எதில் வைத்தால் எத்துணை ஆண்டு நிற்கும் என்று வாய்திறந்து வினவ வேண்டியவன் அக்கரையில் வாழும் தமிழன். அவன் வினவுவதற்கு 'ஓலாந்தைட்டு' என்ற சொல் உதவுமா, 'பேரியப் புழையம்' என்ற சொல் உதவுமா? புழை என்றால் மீனவனுக்கும் தெரியும். எதன் புழை, எவ்வளவு அகலம், உள்ளே வைத்தது வெளியே கசியுமா என்று அடுத்த வினாவை அவனே கேட்பான். ஒருவேளை, அவ்வினாவை அவன் கேட்டுவிடக் கூடாதென்றுதான் அயற்பெயர்கள் இத்துணைப் பாதுகாப்பாய் வைக்கப்பட்டிருக்கின்றனவோ என்ற ஐயமும் நமக்கு எழாமல் இல்லை.

மின்கல ஆய்விலும் இதே புழை இப்போது பேசப்படுகின்றது. துத்தநாக மின்கலங்களில் இவ்வமைப்புக் கொண்ட மாங்கனீசு உயிர்வளிச் சேர்மத்தை ஒரு முனையாய் வைத்து, புழைக்குள் மின்னேற்றங்கொண்ட அணுக்கள் புகுந்து மீளுவதை ஆராய்கின்றனர். அதனை விரித்தெழுத இடம் போதாது. பின்னோர் இதழிற் காண்போம்.

அம்மாணவிக்கு அன்றே ஒரு தாளில் நாற்கட்டு வீட்டை வரைந்து காட்டினோம். முற்றத்தில் பேரியத்தை வைத்து, எட்டு மாங்கனீசின் கணக்கையும் எழுதினோம். "இரண்டு மட்டும் ஏன் ஐயா மூன்றாகக் குறைகின்றன? பொட்டாசியம் வந்தால் ஒன்று குறைந்தாற் போதுமே?" என்று அவளே கேட்டாள். சரியான வினா. பொட்டாசியத்துக்கு நேர்மின் ஒன்றே. ஆகவே அங்கு ஒரு மாங்கனீசு குறைந்தாற் போதும். எந்த ஏட்டிலும் படியாமல் அவளே கண்டுபிடித்துவிட்டாள்!

இவ்விதழைப் படிக்கும் நிலவியல், வேதியியல் ஆசிரியப் பெருமக்கள் தத்தம் வகுப்பில் வழங்கும் கனிமப் பெயர்களுள் ஆள்பெயரால் அமைந்தவற்றைப் பட்டியலிட்டு, அவற்றின் ஆக்கமும் அமைப்பும் சுட்டும் தமிழ்ப்பெயர்களையும் சேர்த்து வரும் திங்கள் முடிவுக்குள் நமக்கு விடுப்பார்களாக. மாங்கனீசுக் கனிமங்களை முதலில் எடுத்துக் கொள்வோம்; பல்லாவரப் பாறையை அதற்கடுத்து.